துறைமுகத்தில் கூப்பிட்ட பெயர்

கல்லறை உள்ளவர்களைக் கல்லறையில் தட்டிக் கூப்பிடுவார்கள். என் அண்ணன் அமாரோவுக்குக் கல்லறை இல்லை. அதனால் அவன் போன படகைக் கட்டியிருந்த இரும்புக் குற்றியில் தட்டினோம்.

விடியும் நேரம். கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனியில் துறைமுக விளக்குகள் மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன. அம்மா கையில் ஒரு கல் இருந்தது. அமாரோவின் அறை ஜன்னலுக்குக் கீழே பொறுக்கியது. அந்தக் கல்லை வழி முழுக்கச் சுமந்து, கோயிலுக்கு முன்னால் இருக்கும் கற்குவியலில் போட வேண்டும்.

"மூணு தட்டு, ஒப்தூலியா. அதுக்கு மேல வேண்டாம்," என்றாள் பெர்மினா அத்தை அம்மாவிடம். "நாலாவது தட்டுக்கு யார் வருவாங்கன்னு சொல்ல முடியாது."

அம்மா தட்டினாள். இரும்பில் கல் பட்ட ஓசை தண்ணீரின் மேல் போய் எங்கோ நின்றது.

"அமாரோ, நாங்க தெய்ஷிதோவுக்குப் போறோம். புனித அந்திரேயா கோயிலுக்கு. நீயும் எங்களோட வா."

கலீசியாவின் இந்தக் கரையில் பிறந்த எல்லோரும் ஒரு தடவையாவது அந்தக் கோயிலுக்குப் போயாக வேண்டும். உயிரோடு போகாதவர்கள் செத்த பிறகு போவார்கள். தனியாகப் போனால் வழி தவறும் என்பதால் வீட்டார் நடந்து கூட்டிப் போவார்கள். எங்கள் ஊரிலிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நான்கு நாள் நடை.

ஜனவரியில் அவன் போன படகு, 'நோவா எஸ்த்ரேலா', அயர்லாந்துக்கு அப்பால் மூழ்கியது. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். சிலருடைய உடல்கள் கிடைத்தன, சிலருடையது கிடைக்கவில்லை. அத்தையின் கணவர் அதே படகில் இயந்திரம் பார்த்தவர். அவர் உடல் கிடைத்தது. வசந்த காலத்திலேயே அத்தை அவரைக் கல்லறையில் தட்டிக் கூப்பிட்டு, கோயிலில் சேர்த்துவிட்டாள். அதனால் அவளுக்கு வழியும் தெரியும், முறையும் தெரியும்.

நான் சிப்பிகளில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கடல்நீரின் வெப்பத்தைத் தினமும் குறிப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஜனவரிக் கடலில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று எனக்குத் தெரியும். அம்மா அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கிளம்பத் திரும்பியபோது, துறைமுகச் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்தேன். வெளியே கற்சுவர்களில் திரியும் பழுப்பு நிறப் பல்லி. வால் பாதியில் அறுந்து, அந்த இடத்தில் கறுப்பாகப் புது வால் முளைத்துக்கொண்டிருந்தது. அது எங்களைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது.

"பாத்தியா, வந்துட்டான்," என்றாள் அத்தை. "உயிரோட இருந்தப்போ பத்துத் தடவை கத்தணும். இப்போ ஒரே கூப்பாடு."

"அத்தை, வெயில் இல்லாம பல்லி வெளியில வராது."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "உஷியா, காலைப் பார்த்து வை," என்றாள். இந்த வழியில் ஊர்வது எதையும் மிதிக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறவர்கள் எந்த உருவத்தில் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. குழந்தையாக இருந்தபோதே எங்கள் காதில் ஓதப்பட்டது இது. நானும் அமாரோவும் கோடைகாலத்தில் எறும்பு வரிசையைக்கூடத் தாண்டித்தான் குதிப்போம்.

நடந்தோம். யூக்கலிப்டஸ் மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா முன்னால் நடந்தபடி மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனாள். "இங்க ஓடை இருக்கு, பார்த்து." "இது ரமோனோட நிலம். சோளம் இந்த வருஷம் சுமார்தான்." கூட வருகிறவரிடம் பேசிக்கொண்டே போக வேண்டும் என்பதும் முறை.

"என் ஆளு வழி முழுக்க முனகிக்கிட்டே வந்தாரு," என்றாள் அத்தை என்னிடம். "காலு வலிக்குது, தாகமா இருக்குன்னு. செத்தும் மாறல."

"நிஜமா கேட்டுச்சா, அத்தை?"

"இருபத்தாறு வருஷம் கேட்டது. காதை விட்டு எங்க போகும்?"

எதிரே தோளில் பெரிய பையும் அதில் தொங்கும் சிப்பி ஓடுமாக இரண்டு பேர் வந்தார்கள். சந்தியாகோவுக்குப் புனிதப் பயணம் போகிற வெளிநாட்டவர்கள். வழி தவறியிருக்கிறார்கள். கையைக் காட்டித் திருப்பி அனுப்பினோம்.

"இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் மூட்டையைக் காரில அனுப்பிட்டுக் கையை வீசிக்கிட்டு நடக்கறாங்க," என்றாள் அத்தை. "நாம ஆளையே கூட்டிக்கிட்டுப் போறோம். நம்மள யாரு படம் எடுக்கறா?"

விவெய்ரோ ஊருக்கு முன்னால் ஒரு காப்பிக் கடை. அம்மா நான்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். கடைக்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நான்கு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவருக்கு எத்தனை சர்க்கரை?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு," என்றாள் அம்மா.

"மூணு போடுவானே," என்றாள் அத்தை. "செத்ததும் சர்க்கரை வியாதி வந்துடுச்சா?"

"பல்லு கெட்டுப்போகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டானா? இப்போ நான் போடறதைக் குடிக்கட்டும்."

அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான்காவது கோப்பையிலிருந்து ஆவி எழுந்து காலி நாற்காலியின் பக்கமாகச் சாய்ந்தது. கதவு திறந்திருந்தது, காற்று அந்தப் பக்கம் போனது. வெளியே வந்தபோது கடையின் வாசற்படியில் பல்லி இருந்தது. பாதி வால், கறுத்த முளை.

இந்தக் கரையில் பல்லிகளுக்குக் குறைவில்லை. பூனைகளுக்கும் குறைவில்லை. வால் அறுந்த பல்லிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இதையெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தேன்.

மதியத்துக்குப் பிறகு பாதை தார்ச்சாலையோடு சேர்ந்தது. மலைக்கு அப்பாலிருந்து வரும் சாலை அது. பனி இன்னும் விலகவில்லை. ஒரு சின்ன ஜெபக்கூடத்தின் கற்சுவரில் சாய்ந்து ரொட்டி சாப்பிட உட்கார்ந்தபோது என் கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"சுண்டெலி," என்றது குரல்.

என்னை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான். 

"சுண்டெலி, வெச்சுடாதே. நான்தான். செத்துப் போகல. அம்மா பக்கத்துல இருக்காங்களா? வீட்டுக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல."

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஒலிபெருக்கியை அழுத்திக் கைபேசியைச் சுவரின் மேல் வைத்தேன்.

"அம்மா, நான் அமாரோ."

அம்மாவின் கையிலிருந்த ரொட்டி விழுந்தது. "இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"அமாரோம்மா. நான் அந்தப் படகுல போகல. அயர்லாந்துல கேப்டனோட அடிதடி ஆச்சு. துறைமுகத்துலயே இறங்கிட்டேன். படகு போய் நாலாம் நாள் சேதி வந்துச்சு. எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும் இருக்கேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊருக்கு வருவேன்? ஒவ்வொரு வீட்டு வாசலையும் எப்படித் தாண்டுவேன்? விகோவுல ஒரு மீன் குளிர்கிடங்குல வேலை. இத்தனை மாசமா அங்கதான். இப்போ வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். எது எப்போது மாறியது என்று தெரியவில்லை.

பெர்மினா அத்தை கைபேசிக்கு அருகே வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"படகுல ஒன்பது பேர் போனாங்கன்னு கரையிலேர்ந்து பார்த்த ஐரிஷ்காரங்க சொன்னாங்க," என்றாள். "உன் படுக்கையில யாருடா படுத்தது?"

மறுமுனையில் வண்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெர்மினா அத்தையா?" என்றான்.

"நான்தான். சொல்லு."

"அதெரித்தோன்னு ஒருத்தன். கேப் வெர்டே தீவுக்காரன். துறைமுகத்துல வேலை தேடிக்கிட்டு நின்னான். யாரும் இல்லாதவன். நான்தான் என் இடத்துக்குப் போன்னு சொன்னேன். என் மழைக்கோட்டையும் அவனுக்கே கொடுத்தேன். 'புதுப் பேரு எதுக்கு, நீயும் அமாரோதான்'னு கேப்டன் சிரிச்சாரு. படகுல அவனை எல்லாரும் அமாரோன்னுதான் கூப்பிட்டாங்க."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, இன்னிக்கு எதுக்குடா வர்றே?" என்றாள். "இத்தனை மாசம் வராதவன்."

"அது எனக்கே தெரியல, அத்தை. விடியற நேரம், கிடங்குக்குள்ள பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன். வெளியிலேர்ந்து யாரோ கதவைத் தட்டினாங்க. மூணு தடவை. திறந்தா யாரும் இல்ல. ஆனா போகணும்னு தோணுச்சு. உடனே போகணும்னு. நண்பனோட வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. ஆனா வாயெல்லாம் காப்பி ருசி. ஒரே கசப்பு, சர்க்கரை பத்தாத மாதிரி."

 அம்மா தன் வலது கையை, குற்றியில் தட்டிய கையை, பார்த்தாள்.

"வண்டியை நிறுத்து," என்றாள்.

"என்னம்மா?"

"எங்க இருக்கியோ அங்கேயே நிறுத்து. இறங்காதே. எங்ககிட்ட வராதே. அமாரோ, கேட்குதா? வராதே!"

"எங்க நிறுத்தறது, மலை மேல இருக்கேன், ஒரே பனி. நீங்க எங்க..." என்றான். மலைக்குப் பின்னால் தொடர்பு அறுந்தது. நான் திரும்பத் திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை.

"பெர்மினா, திருப்பி அனுப்ப வழி இருக்கா?" என்றாள் அம்மா.

"நாம கூப்பிட்ட ஆளு கோயில் போய்ச் சேரணும். வழி அவ்வளவுதான்."

"உயிரோட இருக்கறவனைக் கூப்பிட்டா?"

அத்தை தார்ச்சாலையைப் பார்த்தாள். "எங்க அம்மா காலத்துல ஒருத்தி கூப்பிட்டா. கியூபாவுக்குப் போன புருஷன், சேதியே இல்ல, செத்துட்டான்னு நினைச்சுட்டா. பாதி வழியில எதிர்ல வந்து நின்னான், கோட்டு சூட்டோட. எல்லாரும் கூத்தாடினாங்க. கூடவே நடந்து வந்தான். கோயிலுக்கு முன்னாடி பாறை விளிம்புல ஒரு நிமிஷம் நின்னான். அப்புறம் கோட்டு மட்டும்தான் கிடைச்சுது." அவள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "நீ தெரிஞ்சு செய்யல, ஒப்தூலியா."

வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். பாதியில் விட்டுத் திரும்பினால் நாம் கூப்பிட்ட ஆவி வீட்டுக்கு வந்துவிடும், பிறகு போகவே போகாது என்றாள் அத்தை. முன்னால் போனால் அமாரோ எதிரே வருகிறான். இருக்கும் சாலை ஒன்றுதான்.

அம்மா எழுந்தாள். ஜெபக்கூடத்துச் சுவரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் அவள் நின்றுவிட்டாள். பாசி படிந்த கல்லில் பல்லி இருந்தது. பாதி வால்.

"நான் கூப்பிட்டது ஒரு பேரை," என்றாள் அம்மா. "அந்தப் பேரோட செத்தவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு யாரும் இல்ல. கூப்பிடவும் ஆள் இல்ல."

"முறையில அப்படி இல்லையே," என்றாள் அத்தை. ஆனால் தடுக்கவில்லை.

அம்மா சுவருக்கு முன்னால் மண்டியிட்டாள். காலையிலிருந்து சுமந்த கல்லால் சுவரில் மூன்று முறை தட்டிவிட்டு, அந்தக் கல்லைச் சுவரோரம் வைத்தாள். பக்கத்தில் ரொட்டித் துண்டு ஒன்றைப் பிய்த்துப் போட்டாள்.

"அதெரித்தோ. நீ யார் பெத்த பிள்ளைன்னு எனக்குத் தெரியாது. என் மகனோட கோட்டைப் போட்டுக்கிட்டு அவனோட சாவைச் செத்தவன் நீ. காலையில நான் கூப்பிட்டது உன்னைத்தான். காப்பி ஊத்தினதும் உனக்குத்தான். உனக்காகக் கோயில் வரைக்கும் நடக்கறேன், உனக்காக மெழுகுவத்தி ஏத்தறேன். நீ வா. அவன் வர வேண்டாம்."

பல்லி தலையைத் தூக்கியது. சுவரிலிருந்து இறங்கியது. ரொட்டியைத் தாண்டி வந்து கல்லின் மேல் ஏறி, வயிற்றைக் கல்லோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"ஏத்துக்கிட்டான்," என்றாள் அத்தை.  "கடவுளே, ஏத்துக்கிட்டான்."

கல் அம்மாவின் உள்ளங்கையில் சூடாகியிருந்தது. குளிர்ந்துபோன பல்லி சூட்டைத் தேடிப் போகும். அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. எனக்கும் அப்போது மூச்சு சீராக வந்தது.

அம்மா கல்லை எடுக்கக் கையை நீட்டியதும் பல்லி இறங்கித் தார்ச்சாலையின் ஓரமாக, நாங்கள் போக வேண்டிய திசையிலேயே ஊர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. நாங்கள் வரும்வரை நின்றது.

"பாரு, வழி காட்டறான்," என்றாள் அத்தை. "நம்ம பசங்களை விட ஒழுங்கு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதே அப்போதுதான் அவளுக்குள் இறங்கியதுபோல இருந்தது. "அவனுக்கு முடி வளர்ந்திருக்குமா உஷி? வெட்டவே மாட்டான்," என்றாள்.

அப்போது பனிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. வேன் மெதுவாக வந்து சாலையின் மறுபக்கம் நின்றது. கதவு திறந்தது.

மெலிந்திருந்தான். முடி தோள்வரை இருந்தது. கிடங்கில் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு ஓடிவந்தான்.

"காலைப் பாரு!" என்று அம்மா அலறினாள். "அமாரோ, காலைப் பாரு!"

அவனும் இந்தக் கரையில் பிறந்தவன். எறும்பு வரிசையைத் தாண்டிக் குதித்தவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் உடம்பு தானாக நின்றது. ஆனால் ஒரு அடி முன்பே வைத்துவிட்டான்.

மெல்லப் பூட்ஸைத் தூக்கினான். ஈரத் தாரில் பல்லி நசுங்கிக் கிடந்தது. அறுந்த வால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அது நரம்புகளின் வேலை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அது நிற்கும்வரை யாரும் அசையவில்லை.

"யாரு?" என்றான் அமாரோ. அவன் உதடு வெளுத்திருந்தது. "யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

"அதெரித்தோவை," என்றாள் பெர்மினா அத்தை. "ஒரு தடவை உன் படுக்கைக்கு அனுப்பினே. இது ரெண்டாவது தடவை."

அம்மா அவளை விலக்கிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் முகம், காது, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தடவினாள், சந்தையில் மீன் புதுசா என்று அழுத்திப் பார்ப்பதுபோல. அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான்.

"ஏறும்மா," என்றான் கடைசியில். "எல்லாரும் வண்டியில ஏறுங்க. வீட்டுக்குப் போகலாம்."

அம்மா அத்தையைப் பார்த்தாள்.

"கூப்பிட்ட பேரு இன்னும் வழியிலதான் நிக்குது," என்றாள் அத்தை தாழ்ந்த குரலில். இப்போது அவள் குரலில் கோபம் இல்லை. "அந்தப் பேருக்கு ரெண்டு பேர் இருந்தாங்க. இப்போ ஒருத்தன்தான்."

அம்மா தன் கைக்குட்டையை விரித்து, சாலையில் கிடந்ததை வால் உட்பட எடுத்து முடிந்தாள். அதை அமாரோவின் கையில் வைத்தாள். கல்லையும் அதன் மேல் வைத்தாள்.

"இவனைச் சுமந்துக்கிட்டு வா," என்றாள். "நாங்க கூப்பிட்டதால நீ வரல, இவனைக் கொண்டுபோய் விடறதுக்கு வர்றே. கேட்கறவங்ககிட்ட அப்படித்தான் சொல்லணும்."

"யாரு கேட்பாங்க?"

அம்மா அவன் விரல்களைக் கல்லின் மேல் மடித்துவிட்டாள்.

அவன் வேனை ஓரமாக நிறுத்தி விளக்கை அணைத்தான். பனி இன்னும் நெருங்கி வந்தது. அத்தை முன்னால் நடந்தாள், நடுவில் அமாரோ. அம்மா அவனுக்குப் பின்னால், அவன் இடுப்பு வாரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி. கடைசியில் நான், அவன் குதிகால்களைப் பார்த்துக்கொண்டு. வலப்பக்கம் எங்கோ கீழே கடல் இரைந்தது. பாறை விளிம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரியவில்லை.

கொஞ்ச தூரம் நடந்தோம். அமாரோ நடையை மெதுவாக்கினான். தலையைக் கடல் பக்கம் சாய்த்தான்.

"சுண்டெலி," என்றான் திரும்பாமல், "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டியா?"

நான் கூப்பிடவில்லை. அத்தையும் கூப்பிடவில்லை.

அம்மா இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்தாள்.

"பதில் சொல்லாதே," என்றாள் அவனிடம். "நட."